மிளகாயில் முரணை: மருந்துக்கு முன் இலையைப் பாருங்கள்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை முகாம் தொடங்குவதற்கு முன்பே மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். மூவர் கையிலும் மிளகாய்ச் செடியின் கொழுந்து இருந்தது. அரை ஏக்கர் மானாவாரி மிளகாய் போட்டிருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு கொழுந்தைத் துண்டில் முடிந்து கொண்டு வந்திருந்தார். கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு செடி வைத்து வீட்டுக்குப் பறிக்கும் அம்மா ஒருவர், வாழை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒரு ஏக்கரில் இறவை மிளகாய் நட்டிருக்கும் தம்பி ஒருவர், செடியையே வேரோடு பிடுங்கி வந்திருந்தார்.

மூவரும் சொன்ன நோய் ஒன்று: "ஐயா, முரணை விழுந்துவிட்டது." மூவரும் கேட்ட கேள்வியும் ஒன்று: "என்ன மருந்து அடிக்க?"

மூன்று கொழுந்துகளையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் இலை சுருண்டிருக்கிறது, உண்மை. ஆனால் சுருட்டியது மூன்றும் வெவ்வேறு. ஒன்றுக்கு நல்லது செய்யும் மருந்து மற்றொன்றைப் பெருக்கிவிடும். மூன்றாவதற்கோ மருந்தே கிடையாது. ஆகவே இன்று நான் பேச வந்த பேச்சை அந்த மூன்று கொழுந்துகளை வைத்தே பேசிவிடுகிறேன். அவை இதோ இந்த மேசையின் மேல் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வரிசையாக வந்து நீங்களே பாருங்கள்.

நான் செய்த பிழை

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி 40 சென்ட் மிளகாய் போட்டிருந்தார். இலை சுருள்கிறது என்று என்னை அழைத்தார். நான் வரப்பில் நின்றபடியே பார்த்தேன். வயலுக்குள் இறங்கவில்லை, ஓர் இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "இலைப்பேன்தான்" என்று சொல்லி, கடையில் அப்போது அதிகம் விற்ற செயற்கைப் பைரித்திராய்டு மருந்து ஒன்றைத் தெளிக்கச் சொன்னேன். அவர் கடன் சொல்லி மருந்து வாங்கித் தெளித்தார். பத்து நாள் கழித்துப் போனால், பாதி வயலில் இருந்த சுருட்டை முழு வயலுக்கும் பரவியிருந்தது. "மருந்து போதவில்லை போலும்" என்று இன்னொரு முறை தெளிக்கச் சொன்னேன். அதோடு அந்த வயல் முடிந்தது.

பிறகு என் மேலதிகாரி வந்து, பையிலிருந்து சிறு கண்ணாடி ஒன்றை எடுத்து, இலையைத் திருப்பிக் காட்டினார். இலைப்பேன் ஒன்றுகூட இல்லை. இருந்தது சிலந்தி. நான் சொன்ன மருந்து சிலந்தியைக் கொல்லவில்லை. சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் இரைவிழுங்கிச் சிலந்திகளையும் கொன்றுவிட்டது. பகை போனபின் அது தடையின்றிப் பெருகியது. அந்த விவசாயி என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து கண்ணாடி இல்லாமல் நான் எந்த வயலுக்கும் போவதில்லை. நீங்களும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி போதும். அதன் விலை, வீணாக அடிக்கும் ஒரு மருந்தின் செலவைவிடக் குறைவு.

முதல் கொழுந்து: இலைப்பேன்

பெரியவர் கொண்டு வந்த கொழுந்தைப் பாருங்கள். இலையின் இரண்டு ஓரங்களும் மேல்நோக்கிச் சுருண்டு, இலை படகு போலக் குழிந்திருக்கிறது. அடிப்புறம் பழுப்பும் வெள்ளியும் கலந்து தேய்த்தது போன்ற தழும்பு தெரிகிறது. இது இலைப்பேன் சுரண்டிச் சாறு குடித்த அடையாளம்.

இலைப்பேன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வைக்கோல் நிறம்; மெல்லிய கோடு போன்ற உடல். இலையின் சதைக்குள் முட்டையை இறக்கிவைப்பதால் முட்டையை மருந்து எட்டாது. வளர்ந்த குஞ்சுகள் கீழே உதிர்ந்த சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கும். அங்கேயும் மருந்து எட்டாது. இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால்தான் ஒரு முறை தெளித்த பின் ஓய்ந்தது போலிருந்து மறுபடியும் வருகிறது. வெயில் காய்ந்து மழை இல்லாத நாட்களில் இது பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்தின் கீழே பிடித்து, விரலால் கொழுந்தை நான்கு முறை தட்டுங்கள். இலைப்பேன் இருந்தால் தாளில் விழுந்து குறுகுறுவென்று ஓடும். எழுத்துப் படிக்கத் தெரியும் அளவு கண்பார்வை இருந்தால் போதும்.

பூவையும் தட்டிப் பார்க்க மறக்காதீர்கள். கருமை நிறத்தில், பூவுக்குள் கூட்டமாக ஒளிந்திருக்கும் வேறொரு இலைப்பேன் இப்போது நம் நாட்டில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியப் பகுதியைச் சேர்ந்தது. 2015-இல் இந்தியாவில் பப்பாளியில் முதலில் காணப்பட்டது. 2021-22 பருவத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களைப் பெரும் அளவில் அழித்தது. மருந்தின் மேல் மருந்தாக அடித்தும் பல வயல்கள் மிஞ்சவில்லை. பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தால் பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருநிறப் பேன் நிறைய இருந்தால் காத்திராமல் அருகிலுள்ள வேளாண்மை அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

இரண்டாவது கொழுந்து: மஞ்சள் சிலந்தி

கிணற்றடி அம்மா கொண்டு வந்தது இது. இங்கே இலை கீழ்நோக்கிச் சுருண்டு, கவிழ்த்த படகு போல இருக்கிறது. இலைக் காம்பு வழக்கத்தைவிட நீண்டிருக்கிறது. இலை சிறுத்துக் கூராகி எலிவால் போலாகிவிட்டது. நிறம் கரும்பச்சை, விரலால் மடக்கினால் படக்கென்று ஒடிகிறது. இதுதான் சிலந்தி உண்டாக்கும் உண்மையான முரணை.

இந்தச் சிலந்தி கூடு கட்டும் சிலந்தி அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கொழுந்திலையைத் திருப்பி, அடிப்புறம் நடுநரம்பை ஒட்டிக் கண்ணாடியால் பாருங்கள். மஞ்சள் கலந்த கண்ணாடி நிறத்தில் நகரும். முட்டைமேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருப்பது இதன் தனி அடையாளம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும் என்றால் எத்தனை வேகம் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிக்குச் செடி சவாரி போவதும் உண்டு. நம் கையிலும் துணியிலும்கூட ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே சுருண்ட செடியைத் தொட்ட கையோடு நல்ல செடியைத் தொடாதீர்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இலைப்பேன் ஆறு கால் உள்ள பூச்சி. சிலந்தி எட்டுக் கால் உள்ளது. அது பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கென்று செய்த மருந்துகளில் பல சிலந்தியை ஒன்றும் செய்வதில்லை. என் பழைய பிழை இங்கேதான் நடந்தது.

மூன்றாவது செடி: நச்சுயிரி

தம்பி வேரோடு பிடுங்கி வந்த செடியில் இலையெல்லாம் சிறுத்து, நெருங்கி, கொத்தாக நிற்கிறது. இலை மேல்நோக்கித்தான் சுருண்டிருக்கிறது. ஆனால் இலைப்பேனின் தழும்பு அடிப்புறத்தில் இல்லை. நரம்புகள் தடித்திருக்கின்றன, நரம்புக்கு நடுவே மஞ்சள் பாய்ந்திருக்கிறது. கணுவிடை குறுகி, செடி குட்டையாகிவிட்டது. பூவும் இல்லை, காயும் இல்லை.

இது இலைச்சுருள் நச்சுயிரி நோய். இதைக் கொண்டு வருவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியில் சாறு குடித்த ஈ, நல்ல செடியில் உட்கார்ந்து குடிக்கும்போது நச்சுயிரியை ஏற்றிவிடும். செடிக்குள் புகுந்துவிட்ட நச்சுயிரியை எடுக்க உலகத்தில் எந்த மருந்தும் இல்லை. தம்பி இதுவரை ஆறு முறை மருந்து அடித்ததாகச் சொன்னார். அந்த ஆறு முறையும் நோய்ப்பட்ட செடிக்குச் செய்த வைத்தியம் அல்ல. இறந்த மாட்டுக்குத் தீவனம் வைத்தது போல.

செய்ய வேண்டியது இதுதான். நட்ட முதல் ஒன்றரை மாதத்துக்குள் இப்படிப்பட்ட செடி கண்ணில் பட்டால் அன்றே பிடுங்கி, சாக்கில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். வரப்பில் எறிந்தால் ஈ அதிலிருந்தே பறந்து திரும்பி வரும். பத்துச் செடி போகிறதே என்று மனம் வலிக்கும். அந்தப் பத்தும் நின்றால் நூறு போகும்.

வயலை எப்படிப் பார்ப்பது

வாரம் ஒரு முறை, காலை வெயில் ஏறுவதற்கு முன், வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். ஓரத்துச் செடிகளை மட்டும் பார்த்தால் போதாது. ஏக்கருக்கு 20 செடியாவது நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று காரியம்: கொழுந்தைத் தாளில் தட்டுவது, கொழுந்திலையின் அடிப்புறத்தைக் கண்ணாடியால் பார்ப்பது, செடியை மெல்ல அசைத்து வெள்ளை ஈ பறக்கிறதா என்று பார்ப்பது. பார்த்ததைச் சிறு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நம்மைவிட அவர்கள் கண் கூர்மை.

பொறிவண்டும் அதன் புழுவும், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும் கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை நம்மிடம் கூலி கேட்காத வேலையாட்கள். அவை நிறைய இருக்கும் வாரத்தில் கடும் மருந்தைத் தள்ளிப் போடலாம்.

நாற்றங்காலிலேயே பாதி வெற்றி

விதையை நோயற்ற பழத்திலிருந்து எடுக்க வேண்டும். விதைப்பதற்கு ஒரு நாள் முன்பு, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து வைக்கலாம். இவை உயிருள்ளவை. இவற்றோடு பூசணக்கொல்லியைச் சேர்த்துக் கலந்தால் செத்துப்போகும்.

தண்ணீர் நிற்காதபடி ஒரு மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி அமையுங்கள். விதையை நெருக்கமாகக் கொட்டாதீர்கள். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் தண்டின் அடி அழுகி, நாற்றுகள் வட்டம் வட்டமாகச் சாய்ந்துவிடும். அதுதான் நாற்றழுகல் நோய். கண்டவுடன் நீர் பாய்ச்சுவதைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் தாமிர ஆக்சிகுளோரைடு கலந்து பாத்தி நனைய ஊற்ற வேண்டும்.

நாற்றங்காலின் மேல் நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலையைக் கூடாரம் போலக் கட்டினால் வெள்ளை ஈ உள்ளே போகாது. நச்சுயிரிக்கு இதைவிட நல்ல தடை வேறில்லை. நாற்றை விலைக்கு வாங்குபவர்கள், வலைக்குள் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். மேசை மேலுள்ள மூன்றாவது செடி திறந்த வெளியில் வளர்த்த நாற்று என்பதைத் தம்பியே சொன்னார். பூவாளியால் நாற்றின்மேல் தண்ணீர் தெளிப்பதும் இலைப்பேன் பெருகுவதைக் குறைக்கும்.

நடவு வயலில், மிளகாய் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம் விதைத்தால், பறந்து வரும் ஈயையும் அசுவினியையும் தடுக்கும். இடையில் அகத்தி போட்டால் காற்றுத் தடுப்பும் இலேசான நிழலும் கிடைத்து இலைப்பேன் மட்டுப்படும். ஆட்டுக்கும் தழை ஆகும். மிளகாயும் வெங்காயமும் கலந்து போடுவது நம்மிடம் பழைய வழக்கம். ஆனால் இரண்டும் இலைப்பேனுக்கு விருப்பமானவை. அந்த வழக்கத்தை விட முடிந்தவர்கள் விட்டுவிடுங்கள்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் கொழுந்து இளசாகும். சாறு உறிஞ்சும் எல்லாவற்றுக்கும் அது விருந்து. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிற ஒட்டுப்பொறியும் இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டுப்பொறியும் செடியின் உயரத்தில் வையுங்கள். ஏக்கருக்குப் பத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

எதற்கு எந்த மருந்து

முதலில் வேம்பு. வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதம் தயாரிக்க, 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு மூன்று மாதத்துக்குக் குறையாததாகவும் எட்டு மாதத்துக்கு மேற்படாததாகவும் இருக்கட்டும். இடித்துப் பொடியாக்கி 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் வரை ஆகும். மாலை மூன்றரை மணிக்குமேல், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் வேம்பின் சக்தி சீக்கிரம் அழிந்துவிடும். தொடக்க நிலையில் இலைப்பேன், வெள்ளை ஈ, அசுவினி எல்லாவற்றையும் இது மட்டுப்படுத்தும்.

இலைப்பேன் இதற்கும் மிஞ்சினால் ஸ்பினோசாட் 45 சதத் திரவத்தை 10 லிட்டர் நீருக்கு 3 மில்லி வீதம் தெளிக்கலாம். இது தேனீக்குத் தீங்கு செய்யும். எனவே தேனீ அடங்கிய பின் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

சிலந்திக்கு முதல் மருந்து நனையும் கந்தகம் 80 சதம்: லிட்டருக்கு 3 கிராம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம் தெளிக்க வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் பென்பைராக்சிமேட் 5 சதத் திரவத்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம் தெளிக்கலாம். சிலந்தி காணும் வயலில் செயற்கைப் பைரித்திராய்டு மருந்து எதையும் தொடாதீர்கள்.

ஒரே மருந்தை அடுத்தடுத்து அடித்தால் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசு அந்த மருந்துக்குச் சாகாது. இரண்டாம் முறை தெளிக்க நேர்ந்தால் வேறு வகை மருந்தாக மாற்றுங்கள். நான்கு மருந்தை ஒரே தொட்டியில் கலந்து அடிப்பது வைத்தியம் அல்ல, இருட்டில் கல்லெறிவது.

பழைய கைப்பிரதிகளைப் பார்த்து மருந்து வாங்குபவர்களுக்கு ஒரு சொல். முன்பு சிலந்திக்கு நாங்களே பரிந்துரைத்த டைகோபால் 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. மோனோகுரோட்டோபாசைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த 2005 முதலே தடை உண்டு. மூலையில் பழைய பாட்டில் கிடக்கிறதே என்று எடுத்து அடிக்காதீர்கள்.

வீட்டுச் செடிக்குத் தனி வழி

கிணற்றடி அம்மாவுக்கும், வீட்டுக்கு நாலு செடி வைத்திருக்கும் எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்கிறேன். காலையில் பறித்துப் பகலில் குழம்பில் போடும் காய்க்குக் கடும் மருந்து அடிக்கவே கூடாது. தெளித்த மருந்து நஞ்சு நீங்க நாள் ஆகும். வீட்டுச் செடியோ நாளும் பறிக்கும் செடி.

சிலந்தி பற்றிய கொழுந்துகளை முதலில் கிள்ளி எடுத்து, சோப்பு நீர் நிறைந்த வாளியில் போடுங்கள். செடி மீண்டும் கிளைக்கும். பிறகு காயையெல்லாம் பறித்துக்கொண்டு, லிட்டருக்கு 3 கிராம் நனையும் கந்தகம் ஒரு முறை தெளித்து, ஒரு வாரம் பறிக்காமல் விடுங்கள். அசுவினியும் வெள்ளை ஈயும் இருந்தால், இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு, 50 கிராம் வேப்பம்பருப்புப் பொடியைத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சோப்பு சேர்த்துத் தெளித்தால் போதும். பத்துச் செடிக்கு இதற்குமேல் வேண்டாம்.

சாம்பல் நோயும் பழ அழுகலும்

முரணை அல்லாத இரண்டு நோய்களையும் சொல்லிவிடுகிறேன். இலையின் மேல்புறம் மஞ்சள் திட்டும் அடிப்புறம் வெண்மாவும் தெரிந்து இலை கொட்டினால் அது சாம்பல் நோய். அதே நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் இதற்கும் மருந்து. சிலந்தியும் சாம்பல் நோயும் சேர்ந்து வந்த வயலில் ஒரே செலவில் இரண்டும் தீரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் பனி கொட்டும் மாதங்களிலும் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால் அது நுனிக்கருகல். அதே பூசணம் பழுத்த காயில் வட்டமான குழிப்புள்ளியாக விழும். புள்ளிக்குள் கறுப்புப் பொட்டுகள் வளையம் வளையமாகத் தெரியும். பழம் சாயம் வெளுத்துச் சருகாகும். அதுவே பழ அழுகல். கருகிய கிளையை நல்ல பகுதிவரை வெட்டி எரித்து, மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் அல்லது தாமிர ஆக்சிகுளோரைடு 2.5 கிராம் வீதம் தெளிக்க வேண்டும். நோய் விழுந்த பழத்திலிருந்து ஒருபோதும் விதை எடுக்காதீர்கள். பூசணம் விதையோடு அடுத்த ஆண்டுக்கும் வரும்.

பறித்த பழத்தை வெறும் மண்ணில் கொட்டி உலர்த்தாதீர்கள். களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, இரவில் பனி படாமல் மூடி வையுங்கள். சரியாக உலராத வற்றலில் வளரும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். அதுவே பதம்.

கணக்கும் கடமையும்

நண்பர்களே, மிளகாய் நம் எல்லோர் அடுப்பிலும் இருக்கும் பொருள். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் நாம் அடிக்கும் மருந்தில் இருக்கிறது. மருந்துப் புட்டியின் தாளில், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாளுக்கு முன் பறித்த காய் சந்தையில் தள்ளப்பட்டால் நம் நட்டம். தள்ளப்படாவிட்டால் யாரோ ஒரு குழந்தையின் தட்டில் அது போகும்.

தெளிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கை மூடும் துணி வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. தெளிக்கும் இடத்தில் பீடியோ வெற்றிலையோ வேண்டாம். காலிப் புட்டியைக் கழுவி எண்ணெய் வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காலையில் வந்த மூவருக்கும் நான் சொன்ன பதிலைச் சொல்லி முடிக்கிறேன். பெரியவருக்கு: வேப்பம்பருப்புச் சாறு ஒரு முறை, நீல ஒட்டுப்பொறி, ஒரு வாரம் கழித்துத் தாளில் தட்டிப் பார்த்து, குறையாவிட்டால் மட்டும் ஸ்பினோசாட். அம்மாவுக்கு: கொழுந்தைக் கிள்ளுங்கள், கந்தகம் ஒரு முறை, ஒரு வாரம் பறிக்க வேண்டாம். தம்பிக்கு: மருந்தை நிறுத்துங்கள், சுருண்டு குட்டையான செடிகளைப் பிடுங்கிப் புதையுங்கள், மஞ்சள் பொறி வையுங்கள், அடுத்த முறை நாற்றை வலைக்குள் வளருங்கள். தம்பி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "முதல் தடவையே இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஐந்து தடவை மருந்துக் காசு மிஞ்சியிருக்கும்" என்றார்.

இந்த உரையில் நான் சொன்ன அளவுகளையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. மருந்துத் தாளிலும் அலுவலரிடமும் அவை கிடைக்கும். மேலே சுருண்டால் இலைப்பேன், கீழே சுருண்டால் சிலந்தி, சிறுத்து மஞ்சளாகிக் குட்டையானால் நச்சுயிரி. இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். கடைக்குப் போகும் முன் வயலுக்குள் இறங்கி இலையைத் திருப்பிப் பாருங்கள்.

வாருங்கள், மேசையருகில் வரிசையாக வந்து கண்ணாடி வைத்துப் பாருங்கள்.